பிலோமின்ராஜ் ஏலம் கேட்ட வீடு

தென்னூரில் எங்கள் மாதா கோயில் திருவிழா முடிந்ததும் ஏலம் நடக்கும். காணிக்கையாக வந்த பரங்கிக்காய், சேவல், வாழைத்தார் எல்லாவற்றையும் மேடையில் வைத்து விலை கேட்பார்கள். பிலோமின்ராஜ் வந்துவிட்டால் எதுவும் மலிவாகப் போகாது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "ரெண்டு தரம்" என்று சொன்ன பிறகு வரும் அமைதியை அவரால் தாங்க முடியாது. கை தானாக உயர்ந்துவிடும். பொருள் அவர் தலையிலேயே விழுந்தால், "கோயிலுக்கே விட்டுட்டேன், மறுபடி ஏலம் விடுங்க" என்பார். அது எங்கள் வழக்கம்தான். கேட்ட பணத்தையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

அதே பணிமனையின் அலுவலகத்தில் வேலை பார்த்த கோதைக்கு ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் வீடு. அப்பா விட்டுப்போன வீடு என்பதால் தம்பி ஜெய்சங்கருக்கும் அதில் சரிபாதி. சென்னையில் இருக்கும் ஜெய்சங்கர் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார். வீடோ ரயில் பெட்டி மாதிரி நீளம். நடுவில் சுவர் எழுப்பினால் ஆளுக்கு ஒரு நடைபாதைதான் மிஞ்சும். அதனால் வீட்டைப் பொது ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளும்படி கோர்ட் சொல்லிவிட்டது. ஏலம் நடத்தும் கமிஷனராக அனுபமா என்ற இளம் வக்கீலை நியமித்தது.

அந்த வீட்டிலேயே குடியிருக்கும் கோதை, தானே ஏலம் கேட்டு வாங்கிவிட முடிவு செய்தார். சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து ஓர் எல்லை வரைதான் அவரால் போக முடியும்.

"தனியா நிக்க பயமா இருக்கு. நீங்க துணைக்கு வாங்கோ சார்" என்று பிலோமின்ராஜைக் கூப்பிட்டார். கூப்பிட்டிருக்கக் கூடாது.

வீட்டு வாசலிலேயே நடந்த ஏலத்தில் கோதையும் ஒரு ஜவுளிக்கடைக்காரரும்தான் கேட்டார்கள். கடைக்காரர் சீக்கிரமே ஒதுங்கிவிட்டார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அனுபமா நிறுத்தினார். வாசலில் ஒரு சத்தமும் இல்லை.

"இன்னொரு லட்சம்!"

கை தூக்கியிருந்தவர் பிலோமின்ராஜ். கோதை திகைத்துப் போய், இதில் ஏதோ திட்டம் இருக்கும் என்று நம்பி, மேலே கேட்டார். இவர் அதற்கும் மேலே போனார். கோதையின் எல்லை முடிந்தது. அடுத்த ஆள் யாராவது கேட்பார்கள் என்று பிலோமின்ராஜ் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு தரம்! சாருக்கு முடிஞ்சுது" என்றார் அனுபமா.

"நான் திருப்பிக் குடுத்துட்டேம்மா. மறுபடி ஏலம் விடுங்க."

"சார், இது வீடு. விலையில நாலுல ஒரு பங்கு இப்பவே கட்டணும்."

பிலோமின்ராஜ் சட்டைப் பையைத் தடவினார். பஸ்ஸுக்கு வைத்திருந்ததுதான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட அனுபமா, "சரி, திங்கக்கிழமை கட்டுங்க" என்று சொல்லி, வீடு விற்றுப்போனதாகக் கோர்ட்டுக்கு அறிக்கையும் கொடுத்துவிட்டார். அந்த இரக்கம்தான் தப்பு.

"என்ன சார் பண்ணிட்டேள்?" என்று கோதை அழுதார்.

"ஏங்க, நம்ம வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னா காசில்லேம்பீங்க. அடுத்தவங்க வீட்டை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே!" என்றார் வீட்டில் பிலோமின்ராஜின் மனைவி அற்புதம்மாள்.

ஏலம் செல்லாது என்று கோதை மனுப் போட்டார். மனுவில் முதல் எதிர்மனுதாரர் பிலோமின்ராஜ். விலை நன்றாக ஏறிய மகிழ்ச்சியில் இருந்த ஜெய்சங்கர், ஏலம் செல்லும் என்று வக்கீல் வைத்து வாதாடினார்.

விசாரணையில் நீதிபதி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று பிலோமின்ராஜைக் கேட்டார்.

"எனக்கு எதிரா தீர்ப்புச் சொல்லுங்கய்யா."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது.

"பணம் கட்டினீங்களா?"

"இல்லீங்கய்யா."

"கட்ட முடியாதவர் ஏன் கேட்டீங்க?"

"விலை ரொம்பக் கம்மியா இருந்துச்சுங்கய்யா."

ஜெய்சங்கரின் வக்கீல் துள்ளி எழுந்தார். "அவர் வாயாலேயே சொல்லிட்டார். அவர் கேட்டதுதான் நியாயமான விலை. பணம் கட்ட இன்னும் அவகாசம் கொடுக்கலாம்." கோதை தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோதையின் வக்கீல் வஹீதா அவசரப்படவில்லை. கேட்ட விலையில் நாலில் ஒரு பங்கை அந்த இடத்திலேயே கட்ட வேண்டும், கட்டாவிட்டால் உடனே மறு ஏலம் விட வேண்டும், தவணை கொடுக்கக் கமிஷனருக்கு அதிகாரம் இல்லை என்றார். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். பணம் கட்டாததால் விற்பனையே நடக்கவில்லை என்று சொல்லி, மறு ஏலத்துக்கு உத்தரவிட்டார். அதன் செலவு பிலோமின்ராஜ் தலையில் விழுந்தது. அவர் நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவரை அந்தக் கோர்ட் பார்த்திருக்காது.

மறு ஏலத்தன்று தென்னூருக்கு ஓர் ஆட்டோ வந்தது. அனுப்பியவர் ஜெய்சங்கர். அவரே வாசலில் நின்று வரவேற்று, பிலோமின்ராஜை முன் வரிசையில் உட்காரவைத்து, மோரும் கொடுத்தார். கோதைக்கு முகம் வெளுத்துவிட்டது.

இந்த முறை ஜவுளிக்கடைக்காரர் விடாமல் கேட்டார். கோதை தன் எல்லைக்கு மிக அருகில் வந்த பிறகுதான் அவர் நிறுத்தினார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ஜெய்சங்கர் குனிந்து, "சார், அன்னைக்கு அவ்வளவு தைரியமா கேட்டீங்களே?" என்று கிசுகிசுத்தார்.

பிலோமின்ராஜுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டார். "தொண்டை சரியில்லீங்க" என்றார்.

"மூணு தரம்!"

கோதை வங்கி வரைவோலையை அங்கேயே அனுபமாவிடம் கொடுத்தார். அனுபமா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.

எல்லோரும் போன பிறகு கோதை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். பிலோமின்ராஜ் வீட்டை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இன்னும் கொஞ்சம் போயிருக்கும்."

"பேசாம காபியைக் குடிங்கோ சார்."