ஏழு விளக்கு ஜீப்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஜீப்பில் ஏழு விளக்குகள் இருந்தன. ஜீப்போடு வந்தவை இரண்டு. மீதி ஐந்தும் நான் தேடித் தேடி வாங்கிப் பூட்டியவை. சாயங்காலம் அது ஊருக்குள் நுழையும்போது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் "கல்யாண ஊடு வருது, வழி உடுங்கப்பா" என்று சிரிப்பார்கள். கேலிதான், தெரியும். இருந்தாலும் எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊரில் வேறு யாருடைய வண்டியைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்வதில்லையே.

ஐந்து விளக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாதை மோசம், பாம்பு கிடக்கும், பன்றி குறுக்கே வரும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். உண்மைக் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய வருஷம் அது ஆரம்பித்தது. முதலில் கருக்கலில் வேலியும் பாதையும் ஒன்றாகக் கலந்தன. பிறகு எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றிப் பெரிய வட்டம் விழ ஆரம்பித்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஜீப் சாவி கைமாறிவிடும். ஆள் வைத்து ஓட்டச் சொல்வார்கள். நான் பக்கத்து சீட்டில் பொம்மை மாதிரி உட்கார்ந்து போக வேண்டும். அதற்கு நடந்தே போய்விடலாம் என்பது அன்றைக்கு என் எண்ணம்.

ஜீப் இல்லாமல் முடியாது என்பதும் நிஜம். வீடு கிணத்துக்கடவில். தென்னந்தோப்பு மேற்கே, மலையைப் பார்த்த பக்கம். தார் ரோடு பாதி தூரத்தில், ஒரு வாய்க்கால் பாலத்தோடு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கள்ளி வேலி நெருக்குகிற இட்டேரி. அது போய் ஒரு பள்ளத்தில் இறங்கும். பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. மழைக்காலத்தில் தண்ணீர் போகும், மற்ற நாளில் உருட்டுக் கல் கிடக்கும். ராணுவத்தில் ஏலம் விட்ட அந்த ஜீப்புக்குத்தான் அங்கே மரியாதை. மோட்டாருக்கான கரண்டு முறை வைத்து மத்தியானத்துக்கு மேல் வரும், பொழுதோடு நின்றுவிடும். கடைசி மரத்துக்குத் தண்ணீர் பாய்ந்து முடித்து நான் கிளம்பும் நேரமும் என் கண் மங்கும் நேரமும் ஒன்றாக இருந்தன.

ஆகவே விளக்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். ராணுவ ஜீப்பின் முன்விளக்கு உண்மையிலேயே சிம்னி விளக்கு மாதிரிதான் எரியும். அதனால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய்க்குச் சாட்சி சுலபமாகக் கிடைத்தது.

முதல் தடவை கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளுக்குப் போனேன். விளக்கு எப்படிப் பார்த்து வாங்குவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் தேங்காய். ஒரு விளக்கைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தேன், நகத்தால் கண்ணாடியைத் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, அதுல தண்ணி இருக்காதுங்க" என்றார்.

சுற்றி நின்ற லாரிக்காரர்கள் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். அவர் ஒரு பேட்டரியை மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாக எரியவிட்டுக் காட்டினார். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் எல்லாம் ஒரே மாதிரிதான் எரிந்தன. வால்பாறைக்கு லோடு அடிக்கிற ஒரு டிரைவர் மட்டும் மஞ்சளை வாங்குங்க, பனியில் வெள்ளை திரும்பி நம் மூஞ்சியிலேயே அடிக்கும் என்றார். எங்கள் இட்டேரியில் ஏது பனி? ஆனாலும் மலை ஏறுகிறவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று மஞ்சள் விளக்கு இரண்டு வாங்கினேன்.

அதைப் பூட்டியவர் பொள்ளாச்சி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்த எலெக்ட்ரீஷியன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மஞ்சள் விளக்கு பம்பருக்குக் கீழே இருக்க வேண்டும், பக்கத்துத் தரையைக் காட்டுவதுதான் அதன் வேலை, தூரத்தைக் காட்டுவது வெள்ளை, அது மேலே இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். சுவிட்சு பொசுங்காமல் இருக்க நடுவில் ரிலே ஒன்றும் வைத்தார்.

விளக்கு பூட்டினால் போதாது, அது சரியான இடத்தைப் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எதிரே இருந்த பருத்திக் குடோனின் வெள்ளைச் சுவரில் கரியால் கோடு போடுவார். பொழுது இறங்கியதும் வண்டியை இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி, வண்டிக்காரரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு எந்தக் கோட்டில் விழுகிறது என்று கேட்டுக் கேட்டுத் திருகுவார்.

"கோடு தெரியுதுங்களாண்ணா?"

"ஏன் தெரியாது?"

"எந்தக் கோட்டு மேல உழுகுதுங்ணா?"

எனக்குச் சுவர் தெரிந்தது. அதில் மஞ்சளாக ஏதோ பரவியிருப்பது தெரிந்தது. கோடு மட்டும் தெரியவில்லை. குத்துமதிப்பாக "நடுக்கோட்டுல" என்றேன்.

சுவரில் அவர் போட்டிருந்தது இரண்டே கோடு. நடு என்று ஒன்று கிடையாது. அவர் ஒரு நிமிஷம் என்னையும் சுவரையும் பார்த்தார். பிறகு, "சரிங்ணா, சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, தானே வந்து உட்கார்ந்து பார்த்து, தானே திருகி முடித்தார். இதை அவர் ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். "பெரியவங்ககிட்ட எப்படிங்ணா அதச் சொல்றது?" என்றார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. ஒருவன் பள்ளத்தில் விழப்போகிறான் என்றாலும், அவன் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நிற்போம்.

மஞ்சள் விளக்கு பத்து நாள் சந்தோஷம் தந்தது. அப்புறம் பழைய கதைதான். மறுபடி கொட்டகைக்குப் போய் விளக்கு மட்டம் என்று கத்தினேன். எனக்கு மூக்கின் மேல் கோபம். அவர் பாவம், "வெளிச்சம் பத்தலீன்னா மேல ரெண்டு வெள்ளை போட்டுக்கலாமுங்ணா" என்றார். நூறு வாட் பல்பு போட்ட பெரிய வெள்ளை விளக்குகள் இரண்டு கூரைக் கம்பியில் ஏறின. அவற்றைப் போட்டால் எதிர்த் தோட்டத்து நாய் எழுந்து நின்று குரைக்கும். எனக்கோ எல்லாம் பால் கொட்டினது போலத் தெரிந்தது. கண்ணாடியில் ஆவி பிடித்திருக்கிறது என்றேன். "இருக்குமுங்ணா" என்று அவரும் ஆமோதித்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார். கடைசியாக டிரைவர் பக்கம் கையால் திருப்புகிற ஒற்றை விளக்கு ஒன்று வாங்கினேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை விளக்கில், கியர் மாற்ற மூன்றாவது கைக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை.

இதற்கிடையில் என் மனைவி தினமும் ஜீப்பில் வர ஆரம்பித்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் தோப்புப் பக்கம் வர ஆசைப்படாதவள், மத்தியானம் சமையலறையை ஒதுங்க வைத்துவிட்டுத் தூக்குப்போசியில் டீயோடு ஏறி உட்கார்ந்துவிடுவாள். விளக்கெல்லாம் போட்டு வண்டி அழகாக இருக்கிறது, அதனால் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது வாய் ஓயாது.

"ஏனுங்க, அக்கட்டால வேலியோரம் எருமை ஒண்ணு நிக்குதுங்க. ஆருதுன்னு தெரீல."

"இந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவரு எப்பத்தான் கட்டுவாங்களோ."

"கல்லுப் பெருசா உருண்டு கெடக்குது பாருங்க, இடது பக்கம்."

ரேடியோவை நிறுத்து என்று எத்தனையோ நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். நிறுத்த மாட்டாள். இரண்டு வருஷம் அந்தப் பாதையில் ஜீப்பை ஓட்டியது அவள் வாய்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். மழை விட்டு ஈரம் காயாத சாயங்காலம். எங்கள் தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் அவர் மனைவியும் எங்களுக்கு முன்னால் சைக்கிளில் கிளம்பிப் போயிருந்தார்கள். இட்டேரியில் நான் ஏழு விளக்கையும் போட்டுக்கொண்டு வந்தேன். என் மனைவி டீப் போசியின் மூடி உருண்டு விழுந்ததை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தவள் "நிறுத்து!" என்று அலறிக் கைப்பிரேக்கை இழுத்தாள். மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, வேலியோரம் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அவர்கள் இருவரும் கள்ளிக்குள் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

அவர் லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து என்னைக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. நாங்க இன்னும் ஓரமாப் போயிருக்கோணுமுங்க."

அதற்கு மேல் ஓரம் அங்கே கிடையாது. அவர் கையில் முள் கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தக் கையால் என்னைக் கும்பிட்டார். என் வாழ்க்கையில் அந்த அளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் மனைவி பொறுக்கவில்லை.

"இத்தன லைட்டு எரியுதே, நாங்க ரெண்டு பேரு தெரியலீங்களா உங்களுக்கு?"

அவர் அவளை அதட்டினார். அதற்குள் என் மனைவி கீழே இறங்கி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலைதான் அம்மணி. அவங்களுக்குப் பொழுது போனாக் கண்ணுத் தெரியறதில்ல. ரெண்டு வருசமாவே இப்படித்தான். நாந்தான் சொல்லாம இருந்துபோட்டேன்."

அங்கேயே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஜீப்பை வேலியோரம் விட்டுவிட்டு நாலு பேரும் நடந்தோம். அவர் கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். நான் வாய் தடுமாறி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க, ஒண்ணும் ஆகலையல்ல" என்றார். அவர் மனைவி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அது நியாயம்தான். என் மனைவி தார் ரோடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊர் பார்க்கிற பாதையில் நாங்கள் கை பிடித்து நடந்தது அதுதான் முதல் தடவை. வெட்கத்துக்கு நடுவிலும் அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

மறுநாள் காலையில் கோயமுத்தூர் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். இரண்டு கண்ணிலும் புரை, ஒன்றில் நன்றாக முற்றியிருந்தது. வெளிச்சம் கூடக் கூடப் புரையில் பட்டுச் சிதறி இன்னும் மங்கலாகத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னபோது, கூரைமேல் இருந்த நூறு வாட் பல்புகளை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ரெண்டு மூணு மாசமா என்றேன். ரெண்டு வருசமுங்க டாக்டர் என்றாள் இவள். டாக்டர் இவள் சொன்னதை எழுதிக்கொண்டார். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நடந்தது, கண்ணாடி வந்தது, ஜீப் மறுபடியும் என் கைக்கு வந்தது. கூரை மேல் இருந்த வெள்ளை இரண்டையும், கையால் திருப்புகிற ஒற்றை விளக்கையும் கழற்றிவிட்டேன். மஞ்சள் இரண்டு மட்டும் இருக்கட்டும் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். இந்த முறை சுவரில் எத்தனை கோடு என்று எண்ணிச் சொன்னேன்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த முதல் நாள், டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்ததுதான். நல்ல மத்தியான வெயில். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

"எனக்குக் கண்ணுத் தெரியலைன்னு உனக்குத் தெரியும். அப்புறம் எந்தத் தைரியத்துல தெனமும் ஏறி உக்காந்தே? பயமா இல்லையா?"

"பயமில்லாம என்னுங்க? பாலம் தாண்டற வரைக்கும் உசுரு கையிலதான் இருக்கும்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் வராட்டி நீங்க ஓட்டாம இருக்கவா போறீங்க? ஊட்டுல உக்காந்து ஜீப்புச் சத்தம் கேக்குதா கேக்குதான்னு கெடக்கறதுக்கு, ஆனது ஆகட்டும்னு பக்கத்துல உக்காந்துக்கலாமுங்க."

கிணத்துக்கடவு வருகிறவரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பகலில் எனக்கு அது நன்றாகவே தெரிந்தது.