வியாழக்கிழமை பஜனை

பவளம் அக்காவைப் பற்றி எழுதத் தகுதியே இல்லாத ஆள் ஒருத்தி உண்டென்றால் அது நான்தான். இதற்கு முன் அவரைப் பற்றி ஒரே ஒரு முறை, நாலு பேர் படிக்கும்படி எழுதியிருக்கிறேன். மூன்று வரி. மூன்றும் பொய். அதனால் இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இலங்கையில் பருத்தித்துறைப் பக்கம் பிறந்தவர். சிட்னியில் வென்ட்வொர்த்வில்லில் ஒற்றை அறை ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். கணவர் சிறிதரன் வில்லாவுட் அகதிகள் தடுப்பு முகாமில் இரண்டு வருடம் இருந்து, விசா கிடைத்து வெளியே வந்து, நாலு வருடம் டாக்ஸி ஓட்டினார். பிறகு ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறரை மணி ஷிஃப்ட் என்றால் மூன்று மணிவரை வயதானவர்களைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, துடைத்து, உடுப்பு மாற்றி, ஊட்டிவிட வேண்டும். முதுகு போகாமல் என்ன செய்யும்? இடுப்பை அசைக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று பிசியோ சொல்லியிருக்கிறார். அன்றைக்கே அக்கா ஸ்டாஃப் ரூம் பலகையில் இருந்த பெல்லி டான்ஸ் வகுப்பு நோட்டீஸைப் பிய்த்துக்கொண்டு கிரான்வில்லுக்குப் போய்விட்டார். நானாக இருந்தால் ஆறு மாதம் யோசித்திருப்பேன். யோசித்துவிட்டுப் போகாமலே இருந்திருப்பேன்.

என் பெயர் யாமினி. நாமக்கல் பக்கம். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. சிட்னியில் நாங்கள் இருக்கும் பகுதித் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, வயதான தமிழர்களுக்கு மதியச் சாப்பாடு சமைப்போம். இந்தியாக்காரர்களும் இலங்கைக்காரர்களும் கலந்த கூட்டம். வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பத்தேழு பேர். வெங்காயம் உரிக்க வருவது எட்டுப் பேர். அங்கேதான் அக்காவைத் தெரியும். சொதி அவருடைய பொறுப்பு. தேங்காய்ப்பால் திரைந்துவிடாமல் பெரிய பானையை விடாமல் துழாவிக்கொண்டே நிற்பார். ஒரு ஞாயிறு நான் பின்னாலிருந்து பார்க்கிறேன், கை ஒரு பக்கம் துழாவுகிறது, இடுப்பு மட்டும் வலம், இடம், வலம், வலம் என்று தனிக் கணக்கில் போகிறது.

“என்னக்கா பண்றீங்க?” என்றேன்.

“ஹோம்வேர்க்” என்றார் திரும்பாமலே.

அடுத்த வியாழன் நானும் போனேன். வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. என் கணவர் ஜெகதீஷ் கொடுமைக்காரர் கிடையாது. சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பார், அப்புறம் அம்மா காதுக்குப் போகக் கூடாது என்றிருப்பார், அப்புறம் ஒவ்வொரு வியாழனும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருப்பார். அந்த முகத்துக்குப் பயந்து, பவளம் அக்கா வீட்டில் பஜனை என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னால் போதுமா, அதற்கு ஆதாரம் வேண்டாமா? நானும் அக்காவும் பேசிக்கொள்ள ‘வியாழன் பஜனை’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, அதற்கு மயில்மேல் முருகன் படம் வைத்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, “முருகனை ஏன் பிள்ளை உதுக்குள்ள இழுக்கிறீர்?” என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

வகுப்பு ஒரு சமூக மையத்தின் பின்னறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பத்துப் பெண்கள், எல்லா அளவிலும். டீச்சர் ரீமா லெபனானில் பிறந்தவர். சட்டையைச் சுருட்டி வயிற்றைக் காட்டச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு சிசேரியன் தழும்பு, அதற்கு மேல் மடிப்பு. இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றேன். அக்கா பக்கத்தில் வந்து என் கைகளை விலக்கிவிட்டார்.

“உது வயிறு. எல்லாருக்கும் இருக்கு. பயப்படாதேயும்.”

சில்லறை கோத்த இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அவர் இடுப்பை உதறினால் அறை முழுக்கச் சலசலக்கும். முகத்தில் சிரிப்பு கூட இருக்காது, அவ்வளவு கவனம். நான் அந்தத் துணியை வீட்டில் பழைய குக்கர் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அவர் தன்னுடையதை பால்கனிக் கொடியில் காயப்போடுவார்.

இரண்டாவது வருடம் ரீமா பர்லெஸ்க்கும் சேர்த்துக்கொண்டார். மேடையில் நின்று கண் சிமிட்டி, ஆட்களைச் சிரிக்க வைத்து, போட்டிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற ஆட்டம். கேட்டதும் நான் வேண்டவே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டேன். அக்கா ஒரு வாரம் யோசித்துத் தானே ஓர் ஆட்டம் அமைத்துக்கொண்டு வந்தார். ஷிஃப்ட் முடிந்த களைப்போடு மேடைக்கு வருகிறார். நீல யூனிஃபார்ம், முகக்கவசம், பிளாஸ்டிக் ஏப்ரன், அடையாள அட்டை, கையுறை. முதலில் ஒரு கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து, கடைசி விரலில் நிறுத்தி, சபையைப் பார்க்கிறார். கழற்றட்டுமா என்று புருவத்தால் கேட்கிறார். அப்படியே ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் சிவப்பு ஜிகினா ரவிக்கையும் நீளப் பாவாடையுமாக, வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“ஒரு நாளைக்கு இருவது சோடி கையுறை கழட்டுறன். ஒருத்தரும் கை தட்டினதில்லை. இங்க ஒரு சோடிக்கு எவ்வளவு சத்தம் பாத்தீரே!” என்பார்.

போன வருடக் கடைசியில் மாணவிகளின் நிகழ்ச்சி. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, ஒரு கிளப் ஹால், பார்க்க அறுபது எழுபது பேர். அக்காவின் ஆட்டத்துக்குப் பின்னால் இரண்டு பேர் பெரிய இறகு விசிறிகளோடு நிற்க வேண்டும். அதில் ஒருத்தி நான். முகத்தை மறைக்கலாமே என்றுதான் ஒத்துக்கொண்டேன். ஆனால் ஆடத் தொடங்கியதும் என்னவோ ஆகிவிட்டது. அந்த நாலு நிமிடமும் நான் யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை. அக்கா கடைசியில் கைகளை விரித்து நின்றபோது ஹாலே எழுந்து கத்தியது. நானும் விசிறிக்குப் பின்னால் கத்தினேன்.

திங்கள் காலை, வேலைக்குப் போகிற ரயிலில், ரீமா அனுப்பிய படம் வந்தது. அக்கா முன்னால் ஜிகினா ரவிக்கையில், வயிறு தெரியக் கைகளை விரித்து நிற்கிறார், பின்னால் நாங்கள் விசிறிகளோடு. அருமையான படம். உடனே அக்காவுக்கு அனுப்பினேன். ‘செம அக்கா’ என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே பார்த்தேன். குரூப்பின் பெயர் ‘ஞாயிறு சமையல்’. அதற்கும் முருகன் படம்தான், அதே மயில். சந்தேகம் வராமல் இருக்கட்டும் என்று நானே அதைப் பார்த்துத்தான் பஜனை குரூப்புக்கும் வைத்திருந்தேன்.

பதற்றத்தில் அழிக்கப் போய், எல்லோருக்கும் அழிப்பதற்குப் பதில் எனக்கு மட்டும் அழித்துவிட்டேன். என் போனில் மட்டும் அந்தக் குரூப்பிலிருந்து படம் போய்விட்டது. மற்ற நாற்பத்தாறு போனிலும் இருந்தது. முதலில் சுஜீவாதான் எழுதினார். அந்தக் குரூப்பை நடத்துகிறவர் அவர். ‘இது எங்கட பவளம் அக்காவோ? யாமினி, இதை உங்களுக்கு ஆர் அனுப்பினது?’

பாரமட்டாவில் ரயில் நின்று கிளம்பியது. எனக்கு ஜெகதீஷின் முகம், மாமியாரின் முகம், மகளின் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களின் முகம் எல்லாம் ஒன்றாக வந்தன. விரல்கள் தானாகத் தட்டின. ‘மன்னிக்கவும், இது எனக்கு யாரோ அனுப்பியது. பார்த்ததும் அருவருப்பாக இருந்தது. பவளம் அக்காவிடமே காட்டிக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன், கைதவறி இங்கே வந்துவிட்டது.’

அதுதான் நான் சொன்ன மூன்று வரி.

இருபது நிமிடம் போனது. பிறகு அக்காவின் பதில் வந்தது. ‘ஓம். அது நான்தான்.’

சுஜீவா விடவில்லை. ‘பின்னுக்கு விசிறியோட நிக்கிற ரெண்டு பேரும் ஆர்? எங்கட ஆக்களோ?’

என் கை தெரிந்தது படத்தில். மாநிறக் கை. யாராவது பெரிதாக்கிப் பார்த்தால் என்ன ஆவது என்று உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுதினார். ‘இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளையள். மேடைக்கு நிறம் கூட்ட ஸ்ப்ரே டான் அடிச்சு நிக்கினம்.’

எல்லோரும் நம்பினார்கள். அதைப் படித்ததும் நான் அக்காவுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. ஆபீசுக்குப் போய், மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

சுஜீவா, பவளம் அக்காவைச் சமையலிலிருந்து கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார். வயதானவர்கள் வருகிற இடம், அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று காரணம். அக்காவுக்கு இந்த ஊரில் வேலையை விட்டால் அந்தச் சமையலறைதான். சிறிதரன் அண்ணாவின் எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவுக்குக்கூட அங்கே இருந்தவர்கள்தான் சமைத்துக் கொடுத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. “யாமினி, சொதியை இனி நீங்கள் பாருங்கோ” என்றார் சுஜீவா. நான் சரி என்று கரண்டியை வாங்கிக்கொண்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, “வெள்ளைக்காரிகளுக்குத்தான் வெக்கம் இல்ல, இந்த வயசுல இவங்களுக்கும் என்ன கேடு?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். பஜனை நின்றுவிட்டது என்று வீட்டில் சொன்னபோது ஜெகதீஷ் போனிலிருந்து தலை தூக்கினார். “ஏன் நிறுத்திட்டாங்க? வியாழக்கிழமை ஆனா நீ சந்தோஷமா வருவியே” என்றார். இவர் என் சந்தோஷத்தைக் கவனிப்பவர் என்று முன்னமே தெரிந்துகொள்ளாமல் போனேனே என்று பாத்ரூமில் போய் அழுதேன்.

படம் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பேசினில் சுடுதண்ணீர் வைத்துக் கால்களை ஊறப்போட்டிருந்தார்.

“வாரும். கதவைச் சாத்திப்போட்டு இரும். கேத்தில் கொதிக்குது, ரீ போட்டுக் குடியும்.”

நான் உட்காரவில்லை. நின்றபடியே அழுதேன். “அக்கா, நான் இன்னிக்கே குரூப்ல எழுதிடறேன். படம் எடுத்தது எங்க டீச்சர், அனுப்பினது நான், பின்னாடி நிக்கிறதும் நான்தான்னு எழுதிடறேன்.”

அவர் ஒரு காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துவாலையால் துடைத்தார்.

“நீர் பயந்திட்டீர். அது எனக்கு விளங்குது. பயத்தில ஆக்கள் என்னவெல்லாம் சொல்லுவினம் எண்டு நான் கண்டிருக்கிறன். ஆரோ அனுப்பினது எண்டு சொன்னீர், சரி. கை தவறிப் போச்சு எண்டீர், அதுவும் சரி. ஆனா அருவருப்பு எண்டு ஒரு சொல்லுப் போட்டீரெல்லோ? அது இல்லாட்டியும் உம்மட பொய்யை நம்பியிருப்பினம்தானே. பிறகு அந்தச் சொல்லு உமக்கு எங்கயிருந்து வந்தது?”

எனக்குப் பதில் தெரியும். அது யாரையும் நம்பவைக்கத் தேடிப் போட்ட சொல் இல்லை. எனக்குள் இருந்து வந்தது. அந்த மேடையில் அவருக்காகக் கத்திய அதே நேரம், உள்ளே ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். இரண்டு வருடம் அவர் பக்கத்தில் ஆடியும் அவளை நான் வெளியே அனுப்பவில்லை.

“எழுதிடறேன் அக்கா” என்றேன் மறுபடியும்.

“வேண்டாம்” என்றார். “நீர் எழுதினா, வெள்ளைக்காரப் பிள்ளையள் எண்டு நான் சொன்னது பொய்யாப் போகும். இப்ப என்னை ஆடினவள் எண்டு சொல்லுகினம். ஆடினனான்தான், அது உண்மை. அதோட நான் இருப்பன். பொய்க்காரி எண்டும் சொல்ல வைக்காதேயும்.”

வேண்டாம் என்று அவர் சொன்ன அந்த நொடி என் நெஞ்சு லேசாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. நினைத்துப் பார்த்தால், செய்த எல்லாவற்றையும்விட அந்த அப்பாடாவுக்குத்தான் இன்றுவரை கூசுகிறேன். அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் பேச்சு நின்றுபோன கிழவர்களின் முகத்தைப் பார்த்தே வலியா, பசியா என்று கண்டுபிடிக்கிறவர் அவர். என் முகத்தையும் பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“இப்ப நிம்மதியோ பிள்ளை?” என்றார்.