இரண்டு வீட்டுக்கு ஒரு கை: கேகாலை ரப்பர் தோட்டத்தில் யாப்பு எழுதிய ஞாயிறு

போன ஒக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு கேகாலைப் பக்கம் போயிருந்தேன். நண்பன் ரமேஷ் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். வார இறுதியில் தோட்டத்து உயர்தரப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் நடத்துகிறான். அரசியல் விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்க அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. பாடத்திட்டத்தில் அமெரிக்காவின் அரசியல் யாப்பு இருக்கிறது, பரீட்சையில் கேள்வியும் வரும். "ஒருநாள் வந்து நடத்திக் குடுடா" என்றான். போனேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக வழியையும் செலவையும் எழுதுகிறேன். மற்றதை எனக்காக எழுதுகிறேன்.

கொழும்பு கோட்டையில் காலை 5.55க்கு ரயில். ரம்புக்கனைக்கு மூன்றாம் வகுப்பு 240 ரூபாய், இரண்டு மணித்தியாலம். நின்றுகொண்டுதான் போனேன். ஸ்டேஷனுக்கு வெளியிலேயே கேகாலை பஸ் நிற்கும். 75 ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். கேகாலையிலிருந்து தோட்டம் 11 கிலோமீற்றர். பஸ் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு, காலை 6.30, பகல் 1.30. இடையில் போனால் ஓட்டோதான். 1,200 ரூபாய் கேட்டார்கள், மழை என்பதால் பேரம் பேசவில்லை.

ஓட்டோக்காரர் நியாஸ் நானா கேகாலைக்காரர். எட்டாவது கிலோமீற்றரில் தார் திடீரென்று முடிந்து சேறு தொடங்கியது. வண்டியை மெதுவாக்கிவிட்டுச் சொன்னார்: "இதுக்கு இங்கால பிரதேச சபை, அங்கால தோட்டம். நடுவுல இருக்கிற குழி அல்லாட பொறுப்பு தம்பி."

கோவில் மண்டபத்தில் வகுப்பு. பதினேழு பேர். ஒரே குடிமகன் மேல் இரண்டு அரசுகள், இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம், இரண்டையும் கட்டுப்படுத்த எழுதி வைத்த ஒரு யாப்பு. சமஷ்டி என்றால் இதுதான் என்று தொடங்கினேன். பெரிய மாநிலங்கள் ஆளெண்ணிக்கைப்படி ஆசனம் கேட்டன. சிறிய மாநிலங்கள் சமமாகக் கேட்டன. அதனால் ஒரு சபையை எண்ணிக்கைப்படியும் செனட்டைச் சமமாகவும் அமைத்தார்கள். பிறகு அடிமைகளை எப்படி எண்ணுவது என்ற சண்டை. ஓர் அடிமை ஐந்தில் மூன்று ஆள் என்று 1787இல் பிலடெல்பியா மாநாட்டில் முடிவானது. எசமானுக்கு ஆசனம் கூடும், அடிமைக்கு வாக்கு கிடையாது. கரும்பலகை நிறைய "3/5" என்று எழுதி, "இதைத்தான் அந்தக் கனவான்கள் விட்டுக்கொடுப்பு என்றார்கள்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு என்மேல் நல்ல மதிப்பு வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே மண்டபத்தில் தண்ணீர்க் கூட்டம். தோட்டத்தில் இரண்டு பிரிவு. ஊற்று இருப்பது மேல் பிரிவில், இருபத்தாறு வீடு. கீழ்ப் பிரிவில் ஐம்பத்தெட்டு வீடு. ஒரு தொண்டு நிறுவனம் பைப் தர ஒத்துக்கொண்டிருந்தது. சங்கம் அமைத்து, யாப்பு எழுதி, எல்லா வீடும் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. அதை வாங்கிப்போகப் பன்னிரண்டு மணிக்கு ஆள் வரும், இல்லையென்றால் பைப் வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

கூட்டத்தை நடத்தியவர் தொழிற்சங்கத் தலைவர் முருகையா. "நேத்து அமெரிக்காவுக்கே எழுதினீங்களாமே சேர், நமக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பேனையை எடுத்தேன்.

முதல் சண்டை எனக்குப் பழக்கமான சண்டை. வீட்டுக்கு ஒரு வாக்கு என்றது கீழ்ப் பிரிவு. "அப்ப ஊத்தை மூடிருவோம்" என்றது மேல் பிரிவு. பொதுக்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு வாக்கு, நிர்வாகக் குழுவில் பிரிவுக்கு மூன்று பேர் சமமாக, இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்று எழுதினேன். யாப்பைத் திருத்த நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்றும், மேல் பிரிவைச் சமாதானப்படுத்த, நானாகவே சேர்த்தேன். கைதட்டினார்கள்.

பிறகு கீழ்ப் பிரிவின் கடைசி லயத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே ஒரே வரிசையில் இருக்கும் பதினான்கு வீடுகளில் யாருக்கும் இப்போது தோட்டத்தில் பேர் இல்லை, எல்லாரும் வெளிவேலை. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், அதுதான் அன்றைய சம்பளம். கொழுந்தோ ரப்பர் பாலோ நிறை குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள்.

"நாங்க விடியறதுக்கு முன்னாடி மலை ஏறி பால் வெட்டுறோம். அவங்க டவுன்ல ஃபேனுக்குக் கீழ நிக்கிறாங்க. அவங்களுக்கும் முழு வாக்கா?" என்று மேல் பிரிவில் ஒருவர் கேட்டார். முருகையா கொஞ்சம் யோசித்தார். "அரைப் பேரு போட்டுருவோம். ரெண்டு வீட்டுக்கு ஒரு கை."

கடைசி லயத்திலிருந்து செல்வராணி எழுந்தார். பால் வெட்டிய கணவர் இறந்த பிறகு கேகாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவர்.

"பைப்புக்குக் காண் வெட்டுனப்ப நான் அரை ஆளாவா வந்தேன் தலைவரே?"

"சிரமதானம் வேற, சங்கம் வேற தங்கச்சி."

"பக்கத்து வீட்டுக்காரியோட எனக்கு ரெண்டு வருஷமா பேச்சே இல்ல. யாரு கையத் தூக்குறது? நான் தோளு வரைக்கும் தூக்கவா, மிச்சத்த அவ தூக்குவாளா?"

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க படிச்சவங்க தம்பி. இது சரியா?"

நேரம் பதினொன்று நாற்பது. "எழுதுடா, பைப் முதல்ல வரட்டும், பொறவு திருத்திக்கலாம்" என்று ரமேஷ் என் காதில் சொன்னான். பிலடெல்பியாவிலும் யாரோ யாருடைய காதிலோ இதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பின்னால் கரும்பலகையில் என் எழுத்து அழிக்கப்படாமல் இருந்தது. நான் "சரியில்லை அக்கா" என்றேன். சொல்லிக்கொண்டே எழுதினேன். கடைசியாகக் கையெழுத்திட்டவர் செல்வராணி. போடாவிட்டால் எண்பத்து நான்கு வீட்டுக்கும் பைப் வராது என்று அவருக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த எண்பத்து நான்கு வீட்டில் ஒன்றுகூட அதில் இருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. நிலம் கம்பனியின் கையில். தோட்டத்தை நடத்தும் துரை நினைத்தால் நாளைக்கே பைப்பைப் பிடுங்கலாம். தலைமுறை தலைமுறையாக அரையாக எண்ணப்பட்டவர்களுக்கு ஒரு காலை நேரம் அதிகாரம் கிடைத்தது. அடுத்தவரை அரையாக எண்ணினார்கள். எழுதிக் கொடுத்தது நான். அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

1.30 பஸ் தோட்டத்திலிருந்து திரும்பும்போது 2.15. அதைப் பிடித்து இருட்டுவதற்குள் கொழும்பு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ரமேஷ் பேசினான். தண்ணீர் வந்துவிட்டதாம். மழை குறைந்ததும் பங்கீடு செய்யப் பொதுக்கூட்டம் வைத்தார்களாம். கடைசி லயத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முடிவு. அரை வாக்குக்கு அரைத் தண்ணீர். பதினான்கு வீடும் சேர்ந்து எதிராக ஏழு கை தூக்கியிருக்கிறார்கள். யாப்பைத் திருத்தலாமா என்று கேட்டேன். "நாலுல மூணு பங்கு வேணும்டா, நீதானே எழுதின" என்றான்.

போகிறவர்களுக்கு: ஒக்டோபர், நவம்பரில் அட்டைக்கடி உண்டு, உப்பும் சவர்க்காரமும் கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ கிடைப்பது கஷ்டம். போக வரச் செலவு, சாப்பாடு சேர்த்து, எனக்கு 3,100 ரூபாய். கோவிலுக்கு மேலே போகும் பாதையில் காலை ஏழு மணிக்கு மலைகள் நன்றாகத் தெரியும். இறங்கி வரும்போது கடைசி லயத்தில் யாராவது "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். கட்டாயம் கூப்பிடுவார்கள். இன்றைக்குத் தண்ணீர் வந்த நாளா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.