யாகப்பன் இறக்கிய கண்ணாடி

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த யாகப்பனுக்கு வாயில் வராத ஒரே சொல் 'தெரியாது'. லாரி ஹாரன், பஸ் இண்டிகேட்டர், டிராக்டர் ஹெட்லைட், இந்த மூன்றிலும் அவன் கை நன்றாகவே ஓடும். நான்காவதாக எதைக் கொண்டுவந்து வைத்தாலும் "கொத்து, கொத்து" என்பான். பெங்களூர் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷம் இருந்தபோது ஒட்டிக்கொண்ட கன்னடம் அது. தெரியும் என்று அர்த்தம். தமிழில் பொய் சொன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அதையும் சேர்க்க வேண்டியிருக்கும், கன்னடத்தில் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தானோ என்னவோ.

எண்பத்தாறில் ஊராட்சித் தேர்தல் வந்தது. அவனுடைய அக்கா ரோசம்மாவின் வீட்டுக்காரர் வியாகுலம், மொட்டப்பாறைத் தலைவர் பதவிக்கு நின்றார். நல்ல மனிதர்தான். ஆனால் கழுத்து வளையாது. சாமியாரைப் பார்த்தாலும் மாட்டு வியாபாரியைப் பார்த்தாலும் ஒரே நிமிர்வு. எதிர்த்து நின்ற அர்ச்சுனனோ சைக்கிளில் வீடு வீடாகப் போய், மோர் வாங்கிக் குடித்து, நாய்க்குக்கூடக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு சைக்கிள்ல வந்தா நாம கப்பல்ல போவோம் மாமா" என்று யாகப்பன் பெங்களூருக்கு பஸ் ஏறினான். பழைய சிநேகிதன் ஒருவனிடம் கெஞ்சி, அறுபதுகளில் வந்த அமெரிக்கக் கார் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டி வந்தான். கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டாம், சுவிட்சைத் தொட்டால் தானே ஏறி இறங்கும். ஊரே வந்து பார்த்தது. பக்கத்து சீட்டுக் கண்ணாடி மட்டும் இறங்கவில்லை.

"இது சரி பண்ணத் தெரியுமாடா ஒனக்கு?" என்றாள் ரோசம்மா.

"கொத்து, கொத்து."

"இந்தத் தேர்தல்ல அவரு தோத்தாருன்னா, என் வூட்டுப் பக்கம் தலை வெச்சும் படுக்காத. சொல்லிட்டேன்."

யாகப்பன் கதவை அகலத் திறந்துவைத்து, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். உள்தட்டைக் கழற்றினான். பியூஸைப் பார்த்தான். பல்பில் ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தான். சுவிட்சைத் தொட்டான். கண்ணாடி வெண்ணெயில் கத்தி போல இறங்கியது, ஏறியது. "ஏறுங்க மாமா!" என்றான். வியாகுலம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கண்ணாடி அசையவில்லை.

மறுபடி அவரை இறக்கி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டாரைத் துடைத்தான். வேலை செய்தது. அவர் ஏறினார். நின்றுவிட்டது. இப்படியே பொழுது போயிற்று. அவர் இறங்கினால் கண்ணாடி இறங்கும், அவர் ஏறினால் மக்கர் பண்ணும்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க" என்றான் யாகப்பன். "வண்டியில கோளாறு இல்ல. ஒங்க எடையிலதான்."

"என்னடா ஒளர்ற?"

"சீட்டு அமுங்கி ஒயரு நசுங்குதுங்க."

நிரூபிக்க ஒரு கடலை மூட்டையைத் தூக்கி சீட்டில் வைத்தான். கதவு திறந்தே இருந்ததால் கண்ணாடி அருமையாக ஏறி இறங்கியது. "மூட்டைக்கு வேல செய்யுது, எனக்குச் செய்யல. அப்ப மூட்டையையே தேர்தல்ல நிறுத்து" என்றார் வியாகுலம். ரோசம்மா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாள். அது சுவிட்சுக்குள் இறங்கி, விளக்கும் கொஞ்ச நேரம் எரியவில்லை.

முதலிலேயே இறக்கிவைத்துவிட்டு அவரை ஏற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேறு வழி தெரியாமல் ஏற்றிய கண்ணாடியோடே பிரச்சாரம் கிளம்பியது. மாசி வெயிலில் உள்ளே வியாகுலம் வெந்துகொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார். வெளியே ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆரத்தி எடுத்த பெண்கள் அவர் நெற்றி தெரிந்த இடமாகப் பார்த்துக் கண்ணாடியில் பொட்டு வைத்தார்கள். நாலு தெரு போவதற்குள் அவருக்கு வெளியே எதுவும் தெரியவில்லை.

"தலைவரு ஆவறதுக்கு முன்னாடியே கண்ணாடிப் பொட்டிக்குள்ள குந்திக்கிட்டாரு. ஆன பின்னாடி கண்ணுல படுவாரா?" என்றாள் ராமக்கா என்ற கிழவி. அந்தப் பேச்சு கார் போவதற்கு முன்னால் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

பிரச்சாரத்தின் கடைசி நாள். ஊர் முகப்பில் கூட்டம் நின்றது. யாகப்பன் டிரைவர் சீட்டிலிருந்து சுவிட்சை அமுக்கிக்கொண்டே இருந்தான், எதுவும் நடக்கவில்லை. பொறுமை போன வியாகுலம், "ஒன் கப்பலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று கதவைத் தள்ளித் திறந்தார். அவன் விரல் சுவிட்சிலேயே இருந்தது. கண்ணாடி சர்ரென்று இறங்கியது.

யாகப்பன் அதைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். ஓடி வந்து கதவுக் கீலைப் பார்த்தான். வண்டியிலிருந்து கதவுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் இரண்டு ஒயர்கள், இத்தனை வருஷம் மடங்கி மடங்கி அறுந்து கிடந்தன. கதவு திறந்தால் நுனிகள் தொட்டுக்கொள்ளும், சாத்தினால் விலகிவிடும்.

"எடை இல்லீங்க மாமா! கதவு!"

"ஒங்கக்காளுக்குத் தம்பியாப் போயிட்ட. இல்லாட்டி..." என்று அவர் பல்லைக் கடித்தார்.

பற்களாலேயே ஒயர் தோலை உரித்து, முறுக்கி, டேப் சுற்றினான். எது எதனோடு என்று பார்க்க நேரமில்லை, கொட்டுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். கார் நகர்ந்தது. வியாகுலம் முதல் தடவையாகத் திறந்த ஜன்னலில் தெரிந்தார். கழுத்தைச் சுற்றிய புதுத் துண்டின் இரண்டு முனைகளும் வெளியே காற்றில் ஆடின. கண்ணாடியின் விளிம்பு மட்டும் கொஞ்சம் மேலே நின்று முழங்கையைக் குத்தியது.

"இன்னும் கொஞ்சம் எறக்குடா."

அவன் இறக்கும் சுவிட்சை அமுக்கினான். கண்ணாடி ஏறியது.

"எறக்குடான்னா!"

"எறக்கறேன் மாமா!" பயத்தில் இன்னும் அழுத்தினான். அவன் இறக்க இறக்கக் கண்ணாடி ஏறியது. துண்டின் முனைகளைப் பக்கச் சட்டத்தோடு கவ்வி இழுத்து, அவர் தாடை கண்ணாடி விளிம்பில் வந்து உட்கார்ந்ததும் பியூஸ் போய் அப்படியே நின்றது. ஒயர்கள் இடம் மாறியிருந்தன.

"நிறுத்தட்டுங்களா மாமா? கதவத் தொறந்தா நீங்களும் கதவோடவே வந்துருவீங்க."

"நிறுத்தாத" என்றார் அவர், பல் அசையாமல். "நிறுத்துனா மானம் போயிரும். ஓட்டு."

கார் ஊரெல்லாம் ஊர்ந்தது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவர் தலை குனிந்தது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் இரண்டு கைகளையும் இடுக்கில் நுழைத்துக் கும்பிட்டார். வலியில் கண் கலங்கியது. மொட்டப்பாறையில் எந்த அரசாங்கமும் மூடாத பள்ளங்கள், வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும்.

"அடி ஆத்தா, எம்மாம் பணிவு!" என்றாள் ராமக்கா. "ஒவ்வொரு வூட்டுக்கும் தலை குனியறாருடி. அழுவறாரு பாரு!" பெண்கள் ஓடிவந்து, வாகாக நீட்டிக்கொண்டிருந்த நெற்றியில் பொட்டு வைத்தார்கள். எதிரே சைக்கிளில் வந்த அர்ச்சுனன் அந்தக் கும்பிட்டைப் பார்த்து, பதிலுக்குக் கும்பிடப் போய் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு வேலியில் விழுந்தார்.

துண்டைக் கத்தரித்துத்தான் வியாகுலத்தை வெளியே எடுத்தார்கள். ஓட்டு எண்ணி, அவர் ஜெயித்துவிட்டார் என்று ஆள் ஓடிவந்து சொன்னபோது அவர் கழுத்தில் எண்ணெய்ப் பற்று. தலையாட்டக்கூட முடியவில்லை. யாகப்பன் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தான்.

"வாடா உள்ள, சோறு போட்டிருக்கு" என்றாள் ரோசம்மா. அவன் வாசலுக்கு வந்து, மங்கலாக எரிந்த பல்பை அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, இதுல ஒரு லூஸ் கனெக்‌ஷன்..."

"கைய மடியில வெச்சுக்கிட்டுச் சாப்பிடு" என்றாள். "நானே ஊட்டி வுடறேன்."