மீசை டிவியில் சில தும்மல்கள்

ஆண்களுக்காக ஆண்களே நடத்தும் சேனலில் வேலை பார்ப்பது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமனாக இருப்பது மாதிரி: காரியம் ஒன்றும் கிடையாது, முறைப்பு மட்டும் குறையக் கூடாது. வளைகுடாவில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டுக் கொச்சி மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய எனக்கு வாய்த்தது அந்த வேலைதான். சேனலின் பெயர் மீசை டிவி. கேபிளிலும் கைப்பேசியிலும் வரும். மலையாளத்தில் எடுப்பதை நான் தமிழில் எழுதிக் குரல் கொடுக்க வேண்டும். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் படித்ததற்கு, இந்த வயதில் வந்து சேர்ந்த தண்டனை. முதலாளியின் நகைச்சுவைக்குச் சிரித்துச் சம்பளம் வாங்கும் அன்பர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கடைசியில் ஓடும் பெயர்கள்

எங்கள் ஸ்டுடியோ ஒரு பழைய கிடங்கின் மாடி. கீழே இன்றைக்கும் மிளகும் சுக்கும்தான். சுமைக்காரர்கள் மூட்டையைப் புரட்டினால் பலகைத் தரையின் இடுக்கு வழியே தூசி மேலே வரும். படப்பிடிப்பில் எல்லோரும் தும்முவோம். முதலாளி ஷாஜி சேட்டன் மட்டும் கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டு நிற்பார். ஆண் தும்ம மாட்டான் என்பது அவருடைய கொள்கை. அவருடைய மீசையைப் பார்த்துத்தான் சேனலுக்கே பெயர் வைத்தார்கள். வைத்ததும் அவர்தான்.

இன்னொரு கொள்கையும் உண்டு. நிகழ்ச்சியின் முடிவில் ஓடும் பெயர்களில் பெண் பெயர் வரக் கூடாது. ஆனால் எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டி, பார்க்கும்படி ஆக்குவது சுஜா. பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் வரும் தமிழ் வீட்டுப் பெண். தமிழ் பேசுவாள், எழுத்து மலையாளம்தான். அவள் வேலைக்கு நேராக 'படத்தொகுப்பு: மீசைக் குழு' என்று ஓடும். காக்கநாட்டில் ஒரு பெரிய ஸ்டுடியோ அவளைக் கூப்பிட்டிருந்தது. பெயரோடு வெளிவந்த ஒரு வேலையாவது காட்டு என்றார்கள். ஓணம் வரைக்கும்தான் அந்த இடம் காலியாக இருக்கும். அவள் போய்க் கேட்டாள். ஷாஜி சேட்டன் மிகவும் கனிவாகச் சொன்னார்: "மோளே, ஆண்கள் சேனல்ல உன் பேரைப் போட்டா, பாக்கிறவனுக்கு வீட்ல இருக்கிற மாதிரி தோணிடும், கேட்டோ."

புயல் சவாரி

'புயல் சவாரி' எங்களுடைய பெருமைக்குரிய நிகழ்ச்சி. தொகுப்பாளர் ரெஜி, தோல் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பெரிய பைக்கில் ஊர் ஊராகப் பறப்பார். ரெஜிக்கு பைக் ஓட்டத் தெரியாது. வேலைக்கே மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் வருவார். ஆகவே அரிசி ஏற்றும் மினி லாரியில் பைக்கை நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் ரெஜியை ஏற்றி, பஜார் வழியே கொண்டுபோவோம். இடுப்புக்கு மேலே மட்டும் எடுப்போம். லாரியின் விளிம்பு, கயிறு, ரெஜி பயத்தில் கண்ணை மூடிய இடங்கள் எல்லாவற்றையும் சுஜா நறுக்கி எறிந்தால் மிச்சம் இருப்பது புயல்.

ஒருநாள் பஜாரில் நெரிசல். லாரி நின்றுவிட்டது. ரெஜியோ தலைமுடியைக் கோதிக்கொண்டு, "பயம் என்பது என் அகராதியில் இல்லை" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "சேட்டா, எறங்க வேண்டிய எடம் வந்தா சொல்லுவாங்களா, இல்ல மூட்டையோட சேர்த்து எறக்கிடுவாங்களா?"

ஆண்கள் பேசட்டும்

தொலைபேசி நிகழ்ச்சி. வாயடைக்கப்பட்ட ஆண்குலம் எங்கள் சேனலில் மனம் திறந்து கர்ஜிக்கும் என்று ஷாஜி சேட்டன் ஒரு வாரமாக விளம்பரம் செய்தார். தமிழ் அழைப்புகளுக்கு நான். முதல் அழைப்பு பொள்ளாச்சியிலிருந்து. "சொல்லுங்க ஐயா, தயங்காதீங்க, இது உங்க மேடை" என்றேன், எழுதிக்கொடுத்தபடி. எதிர்முனையில் குரல் ரகசியமாகக் கேட்டது: "சார், நிகழ்ச்சியைச் சீரியல் முடிஞ்சப்புறம் போட முடியுமா? அதுக்கு முன்னாடி எங்க வீட்ல ரிமோட் என் கைக்கு வராது."

தைலம்

எங்களுக்குப் படியளந்தவர் ஒரு மீசைத் தைலக்காரர். பூசிய வாரமே புதர் மாதிரி வளரும் என்பது அவருடைய வாக்கு. அதைக் கேமரா முன்னால் பூசிக் காட்ட ஆள் தேடினோம். ரெஜி, தனக்குத் தோல் சரியில்லை என்று நழுவினார். நான், மீசையே இல்லை என்று தப்பித்தேன். கடைசியில் ஷாஜி சேட்டன் தாமே முன்வந்து, உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்துக்கொண்டார். புட்டியில் 'ஒரு துளி' என்று போட்டிருந்ததாம். ஆண்கள் அதையெல்லாம் படிப்பதில்லை.

மறுநாள் மேலுதடு பலாச்சுளை மாதிரி வீங்கியது. டாக்டரம்மா மீசையை முழுசாக மழித்தால்தான் மருந்து போட முடியும் என்று சொல்லிவிட்டார். நான்தான் துணைக்குப் போயிருந்தேன். மழித்து முடித்தபோது அந்த முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சாமி படத்தை எடுத்த பிறகு சுவரில் தெரியும் வெளுப்பு மாதிரி. டாக்டரம்மா புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா? எங்க வீட்டுக்காரர் ஏதோ கோமாளி டிவியைப் பாத்துட்டு இதையேதான் ஆர்டர் போட்டிருக்கார். இருங்க, ஒரு போன் பண்ணிட்டு வரேன்."

நேரலை

ஓணத்துக்கு முந்திய வாரம் மீசைப் போட்டி, நேரலையாக. நாள் குறித்தாகிவிட்டது, தைலக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஷாஜி சேட்டன் ஒட்டுமீசையோடு மேடை ஏறினார். விஷயம் தெரிந்தவர்கள் அவரும் ரெஜியும் நானும் சுஜாவும்தான். சுஜா தடுப்புக்குப் பின்னால் கேமராக்களை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் பேசுவது ஷாஜி சேட்டனின் காதில் இருந்த கருவியில் கேட்கும். நான் அவள் பக்கத்தில்.

கலூரிலிருந்து வந்த ஒரு மருந்துக்கடைக்காரர்தான் வெற்றியாளர். ஷாஜி சேட்டன் ஒரு கையில் மைக்கும் இன்னொரு கையில் பித்தளைக் கோப்பையுமாக, "ஆண் என்றால் யார்? எதற்கும் அசையாதவன்" என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கீழே மிளகு மூட்டையைப் புரட்டினார்கள். அவர் அடக்கினார். மூக்கு விடைத்தது, கழுத்து புடைத்தது. பாதித் தும்மல் உள்ளே போயிற்று. மீதி வெளியே வந்து மீசையின் இடது முனையை லேசாகப் பெயர்த்துவிட்டது. இரண்டு கையிலும் சாமான். பேசினால் மீசை ஆடுகிறது. பேச்சை நிறுத்திவிட்டார். திரையில் அவர் முகம் மட்டும், பெரிதாக.

சுஜா மைக்கை வாயருகே இழுத்தாள். குரலில் அவசரமே இல்லை.

"சேட்டா, இடது பக்கம் விட்டுப்போச்சு. விளம்பரத்துக்குப் போயிடலாம், விரல் பட்டன் மேலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்னிக்குக் கடைசியில என் பேர் ஓடும். பின்னாடி அழிக்கவும் கூடாது. வேண்டாம்னா சும்மா தலையை ஆட்டுங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் மட்டும் இடமும் வலமுமாக ஓடின. தலை அசையவில்லை. தைலக்காரர், என்ன ஒரு கம்பீரம் என்று நினைத்தாரோ என்னவோ, கைதட்டினார்.

"சரி, அப்ப சம்மதம்" என்று சுஜா பட்டனைத் தட்டினாள். விளம்பரம் வந்த மறுகணம் மேடையில், உள்ளே போயிருந்த அந்தப் பாதித் தும்மல் கோப்பையைப் பார்த்து வெடித்தது. அவர் கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் மருந்துக்கடைக்காரர் கோப்பையை ஆசையோடு வாங்கிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தவர் சட்டென்று கையைத் தள்ளிப் பிடித்தார்: "சேட்டா, இதுக்குள்ள என்னமோ செத்துக் கிடக்கு."

பிரிவு உபசாரம்

விளம்பரம் முடிந்து திரும்பியபோது மேடையில் ரெஜி நின்று நன்றி சொன்னார். பிறகு 'படத்தொகுப்பு: சுஜா, பள்ளுருத்தி' என்று ஓடியது. ஊர்ப் பெயர் அவளே சேர்த்துக்கொண்டது. வீட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்ப்பார்கள் இல்லையா. அழிக்கச் சொல்ல ஷாஜி சேட்டனுக்கு வாய் வரவில்லை. காரணம் கேட்டால் யாரிடம் எதைச் சொல்வது? ஓணம் முடிந்ததும் அவள் காக்கநாட்டுக்குப் போனாள். போகிற அன்று எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தாள். ஷாஜி சேட்டன், அரும்பத் தொடங்கியிருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டே, வாய் நிறையப் பழம்பொரியோடு என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா அண்ணாச்சி, பெண்களுக்கு ஒரு பேர் வரணும்னா, அதுக்கும் ஒரு ஆண் வாய்திறக்காம நிக்க வேண்டியிருக்கு."

அந்தச் சேனலில் நான் கற்றது இவ்வளவுதான்: ஒட்டுமீசை வைத்திருப்பவனால் யாரிடமும் 'முடியாது' என்று தலையாட்ட முடியாது.