லேபிள்காரரும் எழுபத்திரண்டு மணி நேரமும்

லேபிள்காரர் என்று சொன்னால்தான் அந்த மனிதரை எல்லோருக்கும் தெரியும். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கூடத்தில் பதினோரு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. மெஷின் தட்டை மூடித் தள்ளும், இவர் தேதியும் மணியும் அச்சடித்த துண்டை அதன்மேல் ஒட்டுவார். குளிரூட்டிய அறை. உள்ளே இரண்டு ஸ்வெட்டர், வெளியே வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. ஒரு நாளைக்கு நாலாயிரம் தட்டு. பதினோரு வருஷத்தில் ஒரு தட்டுகூடத் தப்பான தேதியோடு போனதில்லை. மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்வார்.

அந்தக் கூடத்தில் ஒரு நடைமுறை உண்டு. சாப்பாடு எப்போது வெந்தது, எவ்வளவு நேரம் ஆறியது என்பதெல்லாம் சமையல்காரர்கள் பாடு. லேபிளில் ஏறுவது மூடி விழுந்த நேரம். காலாவதிக் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் குழம்பிப் போய் நின்றால் இவர் அதட்டுவார்: “எப்ப ஆக்கினாங்கன்னு உன்னை யாராவது கேட்டாங்களா? மூடி விழுந்த நேரம்தான் நேரம். அதுக்கு முன்னாடி நடந்தது நமக்கு எதுக்கு?”

தங்கியிருந்த அறையிலும் இதே கூத்துதான். எட்டுப் பேர், எட்டுக் கட்டில், ஒரே ஒரு குளிர்ப்பெட்டி. பால் பாக்கெட்டை யாராவது மோந்து பார்த்தால் போதும், படுத்துக்கொண்டே கத்துவார், “மூக்கு எதுக்குய்யா, கண்ணு இருக்குல்ல? தேதியைப் பாரு!” காய்ச்சல் மாத்திரையானாலும் கண்ணுக்கு விடும் மருந்தானாலும் அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் அந்த அறையில் ஒருவர் அதைத் தொடுவார்.

மனைவி ஊரில் இருந்தாள். பதினோரு வருஷத்தில் அவளோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் எட்டு மாதம் தேறாது. அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கடைசியில் டாக்டர் அவளுடைய அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லபடியா பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே இவர் லீவு கேட்டார், உடனே கொடுத்தும் விட்டார்கள். விமானம்தான் இல்லை. நோய் பரவுகிறது என்று நாடுகள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம் அது. வாரத்துக்கு ஒன்று, வியாழக்கிழமை மட்டும், அதுவும் புதன்கிழமையே கிளம்பி நடுவில் ஒரு நாட்டில் இறங்கி ராத்திரி முழுக்கக் காத்திருந்து மறுநாள் காலை மாறி ஏற வேண்டும். அப்படி ஒரு டிக்கெட் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று.

டிக்கெட்டோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நோய் இல்லை என்று பரிசோதனைச் சீட்டு வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கே போய் மூக்கைக் காட்டிவிட்டு வந்துவிட்டார். பக்கத்துக் கட்டில் சமையல்காரர், “புதன்கிழமை கிளம்புறதுக்கு இப்பவே எதுக்குய்யா? திங்கக்கிழமை எடுத்தாப் போதாதா?” என்று கேட்டார்.

“ரிப்போர்ட்டு பிந்திச்சுன்னா நீ வந்து விமானத்தைப் பிடிச்சு வைப்பியா? எப்ப எடுத்தா என்ன, ரிப்போர்ட்டு அடிச்ச நேரத்துலேர்ந்துதானே கணக்கு?”

திங்கள் இரவு ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் வந்தது. ஒன்பதிலிருந்து எழுபத்திரண்டு. வியாழன் இரவு ஒன்பது வரைக்கும் செல்லும். மாறி ஏறும் விமானம் வியாழன் காலை ஆறு நாற்பதுக்கு. பதினாலு மணி நேரத்துக்கு மேல் கையிருப்பு. சமையல்காரரிடம் சீட்டைக் காட்டி, “பாத்தியா?” என்றார்.

புதன்கிழமை மத்தியானம் முதல் விமானத்தில் ஏறும்போது கவுண்டரில் சீட்டைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், விட்டுவிட்டார்கள். உள்ளே சாப்பாட்டுத் தட்டு வந்தது. சாப்பிடுவதற்கு முன்னால் அதைத் தூக்கி அடியில் தேதியைப் பார்த்தார். வேறு கம்பெனி. துண்டு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது.

மாறி ஏற வேண்டிய விமான நிலையத்தில் இறங்கியபோது மாலை ஆறு மணி. அத்தனை பெரிய மண்டபத்தில் நாற்பது பேர்கூட இல்லை. கடைகளுக்கெல்லாம் இரும்புக் கதவு இறக்கியிருந்தார்கள். நாற்காலிகளில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு மஞ்சள் நாடாவைக் குறுக்கே ஒட்டியிருந்தார்கள். விலகி நில்லுங்கள் என்று ஒலிபெருக்கி ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. விலகி நிற்க அங்கே ஆளே இல்லையே, யாரிடமிருந்து விலகுவது? மூலையில் பரிசோதனைக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் அங்கி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். யாரோ ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலை. அதே விமானத்துக்குத்தான் அவளும். தன் சீட்டை எடுத்து நீட்டினாள். “அண்ணா, இது சரியா இருக்குமா? எனக்கு ஒண்ணும் புரியலை.”

கேட்டது யாரிடம்! மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இவரைப் போலவே அவளும் ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்திருந்தாள். “தாராளமா போகலாம்மா. ரிப்போர்ட்டு திங்கக்கிழமைதான் வந்திருக்கு. நிம்மதியா உக்காருங்க.”

அவளுக்கு நிம்மதி வரவில்லை. “எதுக்கும் ஒருவாட்டி கேட்டுட்டு வந்துடறேன்” என்று எழுந்து போனாள். அரை மணி கழித்துக் கண்ணெல்லாம் தண்ணீராகத் திரும்பி வந்தாள்.

“மறுபடியும் மூக்கைக் குடைஞ்சுட்டாங்கண்ணா. அந்தச் சீட்டு செல்லாதாம். மூக்குல குச்சி விட்ட நேரத்துலேர்ந்துதான் கணக்காம். இப்பக் குடுத்தா காலையில நாலு மணிக்கு ரிப்போர்ட்டு வந்துருமாம். எட்டு மணிக்குக் கூண்டை மூடிருவாங்களாம். நீங்களும் போயிட்டு வந்துருங்கண்ணா.”

“யாரு சொன்னா?”

“கவுண்டர்ல இருக்கற பொண்ணு.”

இவர் சிரித்தார். “புதுப் பொண்ணா இருக்கும். பதினோரு வருஷமா நான் இந்த வேலைதாம்மா பாக்கறேன். அங்க ஏறும்போது பாத்துட்டுத்தானே விட்டாங்க? செல்லாத சீட்டுக்கு எவனாவது விடுவானா? உங்களை வீணா அழ வச்சிருக்காங்க.”

“கேக்கறதுல என்னண்ணா போகுது?”

அவள் சொன்னது நியாயம்தான். எழுந்து இருபது அடி நடந்தால் தெரிந்துவிடும். ஏன் எழவில்லை என்றால், பிடிவாதம் பாதி, பயம் பாதி. மறுபடி எடுத்து, நோய் இருக்கிறது என்று வந்துவிட்டால்? இங்கேயே ஏதோ ஒரு அறையில் பதினாலு நாள் பூட்டி வைப்பார்கள். கையில் நல்ல சீட்டு இருக்கும்போது போய் மூக்கைக் கொடுப்பானேன் என்று உட்கார்ந்துகொண்டார். நான் அங்கே இருந்திருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன்.

எட்டு மணி ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்குப் பேசினார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். முகம் சிறுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

“என்னங்க, சாப்டீங்களா?”

“ஆச்சு, ஆச்சு. நாளைக்கு மத்தியானம் உன் கட்டில் பக்கத்துல இருப்பேன்.”

“மத்தியானமா?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “அப்ப நான் தூங்கக் கூடாது.”

“தூங்கு நீ. நான் வந்து எழுப்பறேன்.”

“தூங்கினா எழுந்திரிக்கறதுதாங்க கஷ்டமா இருக்கு. முழிச்சே இருக்கேன். வந்துருவீங்கள்ல?”

“நான் எப்படி வராம இருப்பேன்? ஏர்போர்ட்டுலயே உக்காந்திருக்கேன், பாரு.” போனைத் திருப்பிக் காலி மண்டபத்தைக் காட்டினார். அப்போதுதான் மூலையில் கண்ணாடிக் கூண்டின் விளக்கு அணைந்தது. பிளாஸ்டிக் அங்கிக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போனதை அவளும் பார்த்திருப்பாள்.

காலை ஐந்தரைக்கு வாசல் முன்னால் வரிசை நின்றது. குழந்தை பார்க்கும் பெண்ணுக்கு நாலு மணிக்கே புதுச் சீட்டு வந்துவிட்டது. அவளை உள்ளே விட்டார்கள். அடுத்து இவர் நீட்டினார். கவுண்டர் பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள், மறுபடி தட்டினாள்.

“சார், இது காலாவதி ஆயிடுச்சே.”

வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது.

“எப்படிம்மா? ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இருக்கே. திங்கக்கிழமை ஒன்பது, அங்கேர்ந்து...”

“அது ரிப்போர்ட்டு வந்த நேரம் சார். எடுத்தது ஞாயித்துக்கிழமை நாலு மணி. நேத்து சாயங்காலம் நாலு மணியோட முடிஞ்சுபோச்சு.”

“அங்க விட்டாங்களே!”

“அங்க நீங்க ஏறினது மத்தியானம் சார். அப்ப செல்லும்.”

அதற்குமேல் அவரிடம் கணக்கு இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார். “என் சம்சாரம் சாகக் கிடக்காம்மா. நான் வருவேன்னு முழிச்சுக்கிட்டு இருக்கா. இப்பவே எடுங்க, மூக்குல, தொண்டையில, எங்க வேணா எடுங்க.” அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியது. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவரும் தட்டிப் பார்த்தார். கூண்டு எட்டு மணிக்குத்தான் திறக்கும், ரிப்போர்ட் வர எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும், இந்தச் சீட்டைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. அடுத்த விமானம் அடுத்த வியாழக்கிழமை. ஒரு நாளுக்குமேல் இங்கே தங்க விடமாட்டார்கள் என்பதால் மத்தியான விமானத்தில் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் அவர் மரியாதையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

குழந்தை பார்க்கும் பெண் உள்ளே இருந்து திரும்பி ஓடி வந்தாள். நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அண்ணா, வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமா?” என்றாள். இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். இவர் கை தானாக அதைத் திருப்பித் தேதியைப் பார்த்தது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. மச்சான்.

“மாப்ள, ஏறியாச்சா? ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி மணி கேக்கறா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. இவர் வாயைத் திறந்தார். வரமுடியவில்லை என்று சொல்லத்தான் திறந்தார்.

“ஏறிட்டேன்மா,” என்றார். “போனை அணைக்கச் சொல்றாங்க. மத்தியானம் பாக்கலாம்.”

“சரிங்க,” என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தையில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபின் போனைக் காதில் வைத்திருக்க அவரால் முடியவில்லை. அணைத்துவிட்டார்.

விமானத்தில் இருக்கும் ஆளின் போன் ஒலிக்கக் கூடாதல்லவா? நாலரை மணி நேரப் பயணம். நாலரை மணி நேரமும் பூட்டிய வாசலுக்கு எதிரே, நாடா ஒட்டாத ஒரு நாற்காலியில், அணைத்த போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமானம் கிளம்பியதையும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இறங்கும் நேரம் வரட்டும், அதற்குள் ஏதாவது சொல்லத் தோன்றும் என்று நினைத்தார். எட்டு மணிக்குக் கூண்டைத் திறந்து விளக்குப் போட்டார்கள். துடைக்கிற ஆள் வந்து, “கொஞ்சம் காலைத் தூக்குங்க” என்றார். தூக்கினார். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

பதினொன்று பத்துக்குப் போனைப் போட்டார். எட்டே முக்காலிலிருந்து ஏழு தடவை மச்சான் கூப்பிட்டிருந்தார். இவர் கூப்பிடுவதற்குள் எட்டாவது தடவையாக அவரே கூப்பிட்டுவிட்டார்.

“மாப்ள, போயிட்டா மாப்ள. ஒன்பதேகாலுக்கு.” மச்சான் அழுது முடித்த குரலில் பேசினார். “திடீர்னு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. உங்க குரலைக் கேக்கணும்னா. போட்டுப் போட்டுப் பாத்தோம், அணைச்சிருந்துது. பறந்துக்கிட்டு இருக்காரும்மா, இப்பப் பேச முடியாதுன்னு சொன்னேன். வரட்டும்னா. அதான் கடைசி.”

இவருக்குப் பின்னால் ஒலிபெருக்கி விலகி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

“இறங்கிட்டீங்கள்ல? வாசல்ல வண்டி நிக்குது, டிரைவர் அட்டை பிடிச்சுக்கிட்டு நிக்கறான். சீக்கிரம் எடுக்கணும்னு நெருக்கறாங்க மாப்ள. உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கோம்.”

“எடுத்துடுங்க மச்சான்,” என்றார் லேபிள்காரர். “நான் ஏறவே இல்லை.”