கன்ஃபர்ம் ஆன வேலைக்கு ஒரு ஸ்தோத்திரம்

எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தை கன்ஃபர்ம்தான். தாம்பரத்தில் ரயிலேறி நாகர்கோவில் போக டிக்கெட் கன்ஃபர்ம் ஆக வேண்டும். தண்ணீர் லாரிக்காரர் "கன்ஃபர்மா வந்துடும்க்கா" என்பார்; வராது. சர்ச்சில் பிள்ளைகளுக்குக் கன்ஃபர்மேஷன். ஆஸ்பத்திரியில், டெங்குதான் என்று கன்ஃபர்ம். எல்லாருக்கும் ஏதோ ஒன்று ஆனது. என் வேலை மட்டும் ஆகவில்லை.

மேடவாக்கம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். ஒவ்வொரு ஜூனிலும் பதினோரு மாதத்துக்கு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். ஏழாவது வருடம் தலைமையாசிரியை கூப்பிட்டு, "இந்த வாட்டி உங்களை கன்ஃபர்ம் பண்ணிடலாம்னு இருக்கோம்" என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சொல்லித் தொலைத்தேன்.

அந்த ஞாயிறே மனிதர் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல், 'மனைவியின் வேலை நிரந்தரமானதற்காக' என்று எழுதிப் போட்டுவிட்டார். போதகர் அதை மைக்கில் வாசித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ஆர்டர் கைக்கு வரலையேங்க."

"வந்தப்புறம் யார் வேணா ஸ்தோத்திரம் சொல்லுவாங்க. முன்னாடியே சொல்றதுதான் விசுவாசம்."

ஆர்டர் வரவில்லை. "மேனேஜ்மென்ட்ல வேற ஒருத்தருக்கு முடிவு பண்ணிட்டாங்க மிஸ்" என்றார் தலைமையாசிரியை, என் முகத்தைப் பார்க்காமல். போட்ட ஸ்தோத்திரத்தைத் திரும்ப எடுக்க எந்தச் சர்ச்சிலும் வழியில்லை. கைகுலுக்கியவர்களுக்கெல்லாம் தேங்க்ஸ் சொன்னேன். முதல் வாரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்புறம் வாய் வரவில்லை. நான்கு வருடம் ஓடிவிட்டது. கணவர் இப்போது கவர் போடுவதில்லை. பாட்டுக்கு மட்டும் எழுந்து நிற்கிறார்.

இந்த ஜூனிலும் கையெழுத்துப் போட்டேன். அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறொரு பள்ளியில் ஐந்து வருடமாக டெம்பரவரி டீச்சராம்.

"உங்களுக்கு ஏழு வருஷத்துல கன்ஃபர்ம் ஆச்சுன்னு சொன்னாங்கக்கா. அதை நம்பித்தான் வேற ஒரு வேலை வந்ததைக்கூட வேணாம்னுட்டேன். எனக்கும் ஆயிடும்ல?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கணவர் இரண்டடி தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆயிடும்மா" என்றேன். "கன்ஃபர்மா ஆயிடும்."

அடுத்த ஞாயிறு போதகர் அவள் போட்ட கவரை மைக்கில் வாசித்தார். வேலை நிரந்தரமானதற்காக.